பனியும் பாலையும் படிக்க விரும்புகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் வளர்ந்தவள். இப்போது கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவிப்புறவியல் கற்பிக்கிறேன். மலையும் பள்ளத்தாக்கும் மணல்மேடும் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தன என்று பார்க்கிற துறை அது. குளிர்ப் பிரதேசத்திலும் வறண்ட நிலத்திலும் பாறை எப்படிச் சிதைகிறது என்பதுதான் என் ஆய்வு. பள்ளிக்கூட வழிகாட்டி நிகழ்ச்சி, கல்யாண வீடு, தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டு என்று எங்கே போனாலும் இதே கேள்விகள் வருகின்றன. நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வருவது எனக்கு மனநிறைவாக இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டது கேட்டபடியே எழுதி, பதிலை ஒரே இடத்தில் வைக்கிறேன்.

"இங்கே பனியும் இல்லை, பாலைவனமும் இல்லை. கே.எல்.ல உட்கார்ந்து இதைப் படிச்சு என்ன பண்றது?"

தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் நடந்து பாருங்கள். பாதைக்காக வெட்டிய சரிவில் செம்மண் தெரியும், நடுநடுவே உருண்டைப் பாறைகள் பதிந்திருக்கும். அந்த மண்ணும் ஒரு காலத்தில் கிரானைட்தான். இன்னும் பாறையின் கோடுகள் அழியாத ஓர் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் புட்டுமாவு மாதிரி உதிரும். வெள்ளையாக வழுக்குவது, கிரானைட்டில் இருந்த ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறியது. விரலில் நறநறவென்று உரசுவது குவார்ட்ஸ் என்ற இன்னொரு கனிமம், அது மாறவில்லை. நம் வெப்பமும் மழையும் சேர்ந்து பாறையைப் பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்கு, சில இடங்களில் அதற்கும் கீழே, இப்படி ஆக்கிவிடுகின்றன.

இதைப் பார்த்து வளர்ந்தவர் லடாக்கில் ஒரு கிரானைட் பாறையைச் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி ஓசை வரும். 'இங்கே இது ஏன் மக்கவில்லை?' என்று உடனே தோன்றும். அங்கேயே பிறந்தவருக்கு அது தோன்றாமல் போகலாம். நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்புறம், மலேசியாவில் பனியே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 4,095 மீட்டர் உயரக் கினபாலு உச்சியைப் பனியுகத்தில் பனி மூடியிருந்தது. அந்தப் பனி வழித்து மழமழப்பாக்கிய பாறையின் மேல்தான் இன்று ஏறுகிறவர்கள் நடக்கிறார்கள்.

"இது ஜியாலஜியா, ஜியோகிராஃபியா?"

இரண்டும்தான். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பது மலேசியாவில் முக்கியம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி அறிவியல் புலத்தில் இருக்கிறது, ஜியோகிராஃபி கலைப் புலத்தில். பினாங்கில் யூஎஸ்எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் ஜியோகிராஃபி, மொழி வரலாறு போன்ற பாடங்கள் உள்ள ஹியூமானிட்டீஸ் பிரிவோடு சேர்ந்தது. பாங்கியில் யூகேஎம் என்கிற மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி உண்டு.

ஜியாலஜிஸ்ட் என்று கையெழுத்திட்டுத் தொழில் செய்ய 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். அதற்கு ஜியாலஜிப் பட்டம் கைகொடுக்கும், ஜியோகிராஃபிப் பட்டம் கொடுக்காது. ஆராய்ச்சிதான் என் வழி என்று முடிவெடுத்தவருக்கு இது பெரிய தடையில்லை. 'ஆராய்ச்சி கைகூடாவிட்டால் வேறு வேலையும் வேண்டும்' என்று நினைக்கிற குடும்பத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்டிபிஎம்மிலோ மெட்ரிக்குலேஷனிலோ அறிவியல் எடுத்து ஜியாலஜிக்குள் போகச் சொல்வேன்.

"பாறை உடையறது தண்ணி உறைஞ்சு பெருசாகிறதாலதானே? ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சோம்."

பாதி சரி. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். கண்ணாடிப் போத்தலை ஃப்ரீசரில் மறந்து வைத்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் போத்தல் மூடியிருக்கிறது. பாறையின் வெடிப்புக்கு ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும், பனிக்கட்டி அந்த வழியாகப் பிதுங்கிக்கொள்ளலாம். பாறையின் நுண்துளைகள் கிட்டத்தட்ட முழுக்க நிறைந்திருந்தால்தான் பெருக்கத்தால் அழுத்தம் வரும். மலையில் அப்படி நிறைந்திருப்பது அரிது.

1930 வாக்கில் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கர் ஒரு சோதனை செய்தார். மண்ணில் தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறைந்தால் பெருக்காது, சுருங்கும். அப்படியும் மண் மேலே தூக்கிக்கொண்டு வந்தது! அப்படியென்றால் தூக்கியது பெருக்கம் இல்லை. உறைகிற பகுதி, உறையாத பக்கத்திலிருந்து திரவத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்கிறது. இழுத்ததெல்லாம் ஒரே இடத்தில் தகடு மாதிரிப் பனிக்கட்டியாக வளர்கிறது. இதைப் பனிவில்லை என்று சொல்லலாம்.

பாறைக்குள்ளும் இதே வேலை நடக்கும் என்று வால்டர், ஹாலட் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் கணக்குப்படி பிளவு வேகமாக வளர்வது சுமார் மைனஸ் 4-க்கும் மைனஸ் 15-க்கும் இடையில். 2006-இல் வேறு சில ஆய்வாளர்கள் ஈரமான சுண்ணப்பாறையை ஆய்வுக்கூடத்தில் உறைய வைத்து, பனிவில்லைகள் பாறையைப் பிளப்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். ஆகவே ஓர் இரவில் எத்தனை முறை உறைந்து உருகியது என்று எண்ணுவதைவிட, அந்த வெப்பநிலையில் எவ்வளவு நாள் நீடித்தது, அந்த நாள்களில் ஈரம் வந்துகொண்டே இருந்ததா என்று கேட்பதுதான் பயன் தரும். என் முதலாண்டு மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: குளிர் எத்தனை டிகிரி என்று பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

"பாலைவனத்துல பகல்ல கொதிக்குது, ராத்திரி குளிருது. அதுலயே பாறை வெடிச்சிடுமாமே?"

நூறு வருடத்துக்கு முன்னால் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். 1936-இல் கிரிக்ஸ் என்பவர் மெருகேற்றிய ஒரு கிரானைட் துண்டை எடுத்து, 110 டிகிரி வித்தியாசத்தில் மாற்றி மாற்றிச் சூடாக்கிக் குளிரவிட்டார். மொத்தம் 89,400 முறை. நாளுக்கு ஒரு தடவை என்று வைத்தால் 244 வருடம். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. அதே சோதனையில் குளிரவிடும்போது தண்ணீரைத் தெளித்தார். இரண்டரை வருடத்துக்குச் சமமான முறைகளிலேயே மெருகு போய், விரிசல் காணத் தொடங்கியது.

இதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இந்தத் துறையில் நான் தங்கிவிட்டதற்கு அந்த ஒரு சோதனை பெரிய காரணம். ஆனால் அதோடு கதை முடியவில்லை. கிரிக்ஸின் கல் சிறியது, சுற்றிலும் தாராளமாக விரிந்து சுருங்க இடமிருந்தது. பெரிய பாறைக்கு அந்த வசதி இல்லை. 2000-க்குப் பிறகு அமெரிக்கப் பாலைவனங்களில் தரையில் கிடக்கும் கற்களின் விரிசல்களை அளந்தவர்கள், பல விரிசல்கள் வடக்கு தெற்காக ஓடுவதைக் கண்டார்கள். காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் சூடாவதோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆக, வெயிலுக்கும் பங்கு உண்டு. சிறிது ஈரம் சேர்ந்தால் அந்தப் பங்கு கூடுகிறது.

"உப்பு பாறையை உடைக்குமாமே, நிஜமாவா?"

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் நடக்கும்போது சுவரின் கீழ்ப்பகுதியைக் கவனியுங்கள். முழங்கால் உயரம் வரை சாயம் உப்பி, சாந்து பொரிப்பொரியாக உதிர்ந்திருக்கும், தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டும். தரை ஈரம் சுவரில் ஏறி, உப்பைக் கொண்டுவந்து, காயும்போது உப்பு படிகமாக வளர்ந்து சாந்தைத் தள்ளுகிறது. பாலைவனப் பாறையில் நடப்பதும் இதே வேலைதான். சோடியம் சல்ஃபேட் என்ற உப்பு ஈரத்தை உறிஞ்சி நீர் சேர்ந்த படிகமாக மாறும்போது கன அளவு நான்கு மடங்காகிவிடும். கட்டடக் கல் தாங்குமா என்று சோதிக்க அந்த உப்பையே பயன்படுத்துகிறார்கள்.

"குளிரும் வறட்சியும் ஒண்ணா இருக்கிற இடம் உண்டா?"

உண்டு, என் மனசு முழுக்க அங்கேதான். அண்டார்டிகாவில் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் என்று ஓர் இடம். கண்டமே பனிக்கடியில் கிடக்க, அங்கே தரை வெறும் கல்லும் மணலுமாகத் தெரியும். ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 20 பக்கம். விழுகிற பனியைத் தண்ணீராகக் கணக்கிட்டால் வருடத்துக்கு 100 மில்லிமீட்டர்கூட வராது. கோலாலம்பூரில் ஒரு மாலை மழையிலேயே அவ்வளவு கொட்டிவிடும் நாள்கள் உண்டு. அங்கே பாறைகளில் தேனடை மாதிரிக் குழிகள் விழுந்திருக்கும். உப்புக்கும் காற்றுக்கும் அதில் பங்குண்டு. சில இடங்களில் பத்து லட்சம் வருடத்தில் பாறை ஒரு மீட்டர்கூடக் கரைவதில்லை.

நமக்குக் கைக்கெட்டும் இடம் லடாக். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில், வருடத்துக்கு 100 மில்லிமீட்டர் அளவே மழையும் பனியும். டில்லி போய் அங்கிருந்து ஒன்றரை மணி நேர விமானம். ஆனால் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா ஓய்வெடுக்க வேண்டும். ஒரு தடவை ஒரு மாணவர் முதல் நாளே உற்சாகமாக மேடேறினார். அன்று இரவு முழுக்கத் தலைவலியும் வாந்தியும், நாங்கள் யாரும் தூங்கவில்லை. வெளிநாட்டவர் நுப்ரா, பாங்கோங் பக்கம் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆய்வு என்றால் ஓர் இந்திய நிறுவனத்தின் கூட்டும் அதற்கேற்ற விசாவும் வேண்டும். சுற்றுலா விசாவில் போய்க் கல் பொறுக்கி வரலாம் என்று யாரும் நினைக்காதீர்கள்.

"மாஸ்டர்ஸ், பிஎச்டி இங்கேயே செய்யலாமா?"

மாஸ்டர்ஸை இங்கேயே செய்யுங்கள் என்பேன். நம் கிரானைட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் வைத்து அளவெடுக்கப் பழகிவிடலாம். ஷ்மிட் சுத்தியல் என்று ஒரு கருவி உண்டு. பாறைமேல் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் எஃகுத் தண்டு மோதித் திரும்பும், எவ்வளவு திரும்பியது என்று எண் காட்டும். உறுதியான கிரானைட்டில் எண் ஏறும், மக்கிய பாறையில் இறங்கும். பினாங்கில் பழகிய கை அண்டார்டிகாவிலும் அதே வேலையைச் செய்யும்.

பிஎச்டிக்கு வெளியே போவது நல்லது. களமும் ஆசிரியரும் அங்கே இருக்கிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், வடக்கே 78 பாகையில் லாங்யர்பியன் என்ற ஊரில், ஒரு பல்கலைக்கழக மையமே இருக்கிறது. உறைநிலம் பற்றிய பாடங்களை அங்கே களத்திலேயே நடத்துகிறார்கள். உறைநிலம் என்றால் தொடர்ந்து இரண்டு வருடமாவது பூஜ்யத்துக்கு மேலே போகாத நிலம்.

பணத்தைப் பற்றி ஒன்று. சொந்தக் காசில் பிஎச்டி செய்யாதீர்கள். காமன்வெல்த் உபகாரச்சம்பளம் மாதிரி ஏதாவது ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் ஆய்வு நிதி கையில் வைத்திருக்கும் பேராசிரியரைத் தேடிப் போங்கள். உள்நாட்டில் உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் என்ற அடிப்படை ஆய்வு நிதி வாங்கிய ஆசிரியர்கள் உதவியாளர்களை எடுப்பதுண்டு. வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் யாருக்கும் வேண்டாம்.

"மலேசியாக்காரங்க அண்டார்டிகா போக முடியுமா?"

முடியும், போயிருக்கிறார்கள். 1982-இல் பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் அண்டார்டிகா சில நாடுகளின் சொத்து ஆகக் கூடாது என்று பேசினார். 2011-இல் மலேசியா அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிக் ஆய்வு மையம் இருக்கிறது. சுல்தான் மிசான் அண்டார்டிக் ஆய்வு அறவாரியம் ஆய்வாளர்களுக்கு நிதி தருகிறது. நமக்குச் சொந்த நிலையம் அங்கே இல்லை, பிற நாடுகளின் நிலையத்திலும் கப்பலிலும்தான் போக வேண்டும்.

நம் நாட்டிலிருந்து போனவர்களில் பலர் நுண்ணுயிர் படித்தவர்கள். பாறையும் நிலமும் படித்தவர்கள் குறைவு. அந்த இடைவெளியை நம் பிள்ளைகள் நிரப்ப வேண்டும் என்பது என் ஆசை.

"பொம்பளப் பிள்ளையை அந்தக் குளிர்ல தனியா எப்படிம்மா அனுப்புறது?"

என் அம்மாவும் இதையே கேட்டார். தனியாக யாரும் போவதில்லை, யாரையும் தனியாக விடுவதும் இல்லை. ஸ்வால்பார்டில் ஊரைத் தாண்டினால் பனிக்கரடி பயம், அதனால் பாடம் தொடங்குவதற்கு முன்னாலேயே துப்பாக்கி பிடிக்கவும் பனிப்பிளவில் விழுந்தவரைத் தூக்கவும் சொல்லித் தருகிறார்கள். கூடாரம், கழிப்பிடம், மாதவிடாய் நாள்கள் பற்றியெல்லாம் குழுத் தலைவரிடம் புறப்படுவதற்கு முன்னாலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். அந்தப் பேச்சைத் தட்டிக் கழிக்கிற குழுவோடு பிள்ளையை அனுப்பாதீர்கள்.

"சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி?"

லடாக்கில் கவலையே இல்லை. ஸ்வால்பார்டு பக்கம் போனால் பருப்பு, அரிசி, ஊறுகாய், வறுத்த ரவை கொண்டுபோங்கள். லடாக் மாதிரி உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்பு வேகாது. சின்னக் குக்கர் ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

"ஒரு வருஷம் பாடுபட்டு ஒண்ணும் கிடைக்கலேன்னா?"

நடக்கும். எனக்கு நடந்தது. லடாக்கில் ஒரு பள்ளத்தாக்கில் பாறையைத் துளைத்து, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானி வைத்து, பதிவுக் கருவியைப் பெட்டியில் மூடிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் திறந்தால் பேட்டரி முனையில் பச்சைத் துரு. பெட்டியின் ரப்பர் வளையம் கசிந்திருக்கிறது. மூன்றாவது மாதத்தோடு பதிவு நின்றுவிட்டது. விற்றவர்கள் 'நீர் புகாது' என்றுதான் எழுதியிருந்தார்கள். கருவியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள் இலையுதிர்காலம் முழுக்க இருந்தது. காற்று பூஜ்யத்தை அடிக்கடி ஏறி இறங்கியிருக்க, பாறைக்குள்ளே அதில் சிறு பங்குதான் பூஜ்யத்தைத் தொட்டது. வானிலை நிலையத்தின் காற்று வெப்பநிலையை மட்டும் வைத்துப் பாறைச் சிதைவைக் கணக்கிட்டால் தப்பாகும் என்பதை என் கையால் அளந்து பார்த்தேன். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் அதிலிருந்து வந்தது. இப்போது எந்த இடத்திலும் ஒரு கருவிக்கு மூன்று வைக்கிறேன்.

"இந்தப் பாறை எப்போ உடைஞ்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பாறையைத் தாக்கும்போது குவார்ட்ஸுக்குள் பெரிலியம்-10 என்ற அணு உருவாகிறது. கடல்மட்டத்தில், துருவத்துக்குப் பக்கமான இடங்களில், ஒரு கிராம் குவார்ட்ஸுக்கு வருடத்துக்கு நான்கு அணு அளவில்தான். உயரம் கூடினால் எண்ணிக்கையும் கூடும். ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். எனவே எத்தனை அணு சேர்ந்திருக்கிறது என்று எண்ணினால், அந்த முகம் எவ்வளவு காலமாக வெளியே இருக்கிறது என்று கணக்கிடலாம். அணுவை எண்ணத் துகள் முடுக்கி வேண்டும். நமக்குப் பக்கத்தில் சிட்னியில் ஒன்று இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாறை தேய்ந்துகொண்டே இருந்தால், சேர்ந்த அணுவும் தேய்மானத்தோடு போய்விடும். அப்போது வயது குறைவாகத் தெரியும். முன்பே வேறு எங்கோ வெளியே கிடந்து அந்தக் கதிர் பட்ட கல் உருண்டு வந்திருந்தால் வயது கூடுதலாகத் தெரியும். ஆகவே ஒற்றைக் கல்லை நம்பி யாராவது வயது சொன்னால் யோசியுங்கள்.

"பிஎச்டி முடிச்சும் லெக்சரர் வேலை கிடைக்கலேன்னா?"

அந்த வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். பிஎச்டி முடித்தும் இரண்டு மூன்று வருடம் ஒப்பந்த வேலையில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். ஆனால் பாறையும் சரிவும் தெரிந்தவருக்கு இந்த நாட்டில் வேலை இருக்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் மண்சரிவில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2017 நவம்பரில் பினாங்கில் ஒரே இரவு மழையில் எத்தனை சரிவுகள் இறங்கின! பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கனிம, புவி அறிவியல் துறை இருக்கிறது, தனியார் ஆலோசனை நிறுவனங்களும் உண்டு. மேலே ஜியாலஜிப் பட்டம் பற்றி அவ்வளவு சொன்னது இதற்காகத்தான்.

"பூமி சூடாகி பனியெல்லாம் உருகிட்டா, உங்க படிப்புக்கு என்ன வேலை?"

அப்போதுதான் வேலை அதிகம். உயர மலைகளில் பாறை வெடிப்புகளுக்குள் இருக்கும் பனிக்கட்டி பசை மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2003 கோடை வெப்பத்தில் மேட்டர்ஹார்ன் மலையில் பாறை சரிந்து, ஏறிக்கொண்டிருந்தவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டிவந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் பிய்ந்து விழுந்து, 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பலர் நீர்மின் திட்டங்களில் வேலை பார்த்த தொழிலாளர்கள். அந்தச் சரிவுக்கு வெப்பம் மட்டும் காரணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அந்த மலையின் பாறை எப்படிப் பிளந்திருந்தது, பிளவில் தண்ணீர் எப்படி நடந்துகொண்டது என்று முன்கூட்டியே பார்க்கிற ஆட்கள் வேண்டும்.

"டாக்டர், குளிர்ல வேதிச் சிதைவே நடக்காதுதானே? நம்ம ஊர்ல வெப்பத்தாலதானே கல் மக்குது?"

மூன்றாமாண்டு மாணவி ஒருவர் கேட்டது. நான் சொன்ன முதல் பதிலிலிருந்தே எழுந்த சந்தேகம் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. வெப்பம் வேதிவினையை வேகப்படுத்தும், அது உண்மை. அதை வைத்துக் குளிர்ப் பிரதேசத்தில் பாறை உடையும், கரையாது என்று பாடநூல்களில் நெடுங்காலம் பிரித்து வைத்தார்கள்.

ஆண்டர்ஸ் ராப் என்ற சுவீடன்காரர் 1952 முதல் 1960 வரை, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கார்க்கவாகே என்ற ஒரே பள்ளத்தாக்கில் அளந்துகொண்டே இருந்தார். விழுந்த கல், சரிந்த மண், ஊர்ந்த சரிவு, ஓடையில் கரைந்து போன உப்புகள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டார். பள்ளத்தாக்கை விட்டு அதிகமாகப் பொருளைக் கொண்டுபோனது உருண்ட பாறை இல்லை, தெளிந்த ஓடைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த உப்புதான்.

இதைச் சொன்னதும் அந்த மாணவி, "அப்போ கொடிமலையிலிருந்து இறங்குற ஓடைத் தண்ணியில எவ்வளவு கரைஞ்சு போகுது, டாக்டர்?" என்று கேட்டார். மறு வாரமே நான்கு போத்தல்களையும், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கடத்துத்திறன் மானியையும் எடுத்துக்கொண்டு பினாங்கு போனோம்.